பள்ளிக் கட்டட லெவிக்கு 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடலாமா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், கிங் கவுன்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வரும் பிப்ரவரித் தேர்தலில் எங்கள் பள்ளி மாவட்டம் (இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆறு வருடக் கட்டட லெவி, அதாவது பள்ளிக் கட்டடங்களுக்காகக் கூடுதல் சொத்து வரி, கேட்கிறது. போன லெவிப் பணம் எங்கே போனது என்றே தெளிவாகத் தெரியவில்லை. 'வேண்டாம்' என்று போட்டால் பிள்ளைகளுக்கு எதிராகப் போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்றும் உறுத்துகிறது. வரி உண்மையில் எவ்வளவு கூடும் என்பதும் புரியவில்லை. விவரமாகச் சொல்ல முடியுமா?

பதில்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பள்ளி மாவட்டத்திலும் இதே மாதிரி ஒரு லெவி வருகிறது. அதில் நான் எதிர்ப்புப் பக்கம். வாக்காளர் கையேட்டில் எதிர்ப்பு வாதம் எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன். ஆனால் இதற்கு முன் வந்த லெவிகள் எல்லாவற்றுக்கும் ஆதரவாகவே ஓட்டுப் போட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேயே படித்தவர்கள். பெரியவள் நான்காம் வகுப்பு முழுவதையும் போர்ட்டபிளில், அதாவது வெளியே தனியாக வைத்த தற்காலிக வகுப்பறையில் படித்தாள். மழைக்காலத்தில் பாத்ரூம் போக வேண்டுமானால் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பெரிய கட்டடத்துக்கு ஓட வேண்டும். நல்ல கட்டடம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டுமானச் செலவு மதிப்பீடுதான் என் தொழில். எந்த வேலைக்கு எவ்வளவு ஆகும், பணம் எந்த இடத்தில் கசியும் என்பது ஓரளவு தெரியும். கணக்கு கேட்டுக் கிடைக்காததால்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

லெவிக்கும் பாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம். பாண்டு என்பது கடன். மாவட்டம் மொத்தமாகக் கடன் வாங்கிக் கட்டடம் கட்டிவிட்டு, பல வருடங்களுக்கு நம் சொத்து வரியிலிருந்து வட்டியோடு அடைக்கும். அது நிறைவேற 60 விழுக்காடு ஆதரவு வேண்டும். லெவியில் கடன் இல்லை, வருடா வருடம் வரியாக வசூலித்துச் செலவழிப்பார்கள். கட்டட லெவியை அதிகபட்சம் ஆறு வருடத்துக்குக் கேட்கலாம். இதற்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும். 2007 வரை லெவிக்கும் 60 விழுக்காடுதான். அந்த வருடம் நவம்பரில் மாநில அரசியலமைப்பைத் திருத்தி அதைக் குறைத்தார்கள். கடன் இல்லை, வட்டி இல்லை என்பது லெவியின் நல்ல பக்கம். சுலபமாக நிறைவேறிவிடும் என்பதால், வாக்காளர்களிடம் முழு விளக்கம் தர வேண்டிய நெருக்கடி குறைந்துவிட்டது என்பது அதன் மறுபக்கம்.

இரண்டும் எப்படி ஒன்றையொன்று தொடுகின்றன என்பதற்கு லேக் வாஷிங்டன் பள்ளி மாவட்டம் நல்ல உதாரணம். ரெட்மண்ட், கிர்க்லாண்ட், சமாமிஷ் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் மாவட்டம். 2018 பிப்ரவரியில் 29.9 கோடி டாலருக்குப் பாண்டு கேட்டார்கள். பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும் 60-ஐ எட்டாததால் தோற்றது. அடுத்த வருடம் ஏப்ரலில், மிக அவசரமான வேலைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, 12 கோடி டாலர் லெவியாகக் கொண்டுவந்தார்கள். அது ஜெயித்தது. இதை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். குறைந்த ஆதரவே போதும் என்ற வழியாக வந்தார்கள் என்பது உண்மை. முதலில் கேட்டதைக் குறைத்து, எது முக்கியம் என்று வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார்கள் என்பதும் உண்மை. 'வேண்டாம்' என்ற தீர்ப்பால் பள்ளிகள் மூடப்படவில்லை. சின்னதாக, தெளிவாக ஒரு திட்டம் திரும்பி வந்தது.

இதற்கெல்லாம் ஏன் உள்ளூர் வரி, மாநில அரசு தராதா என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியர் சம்பளம் போன்ற அடிப்படைக் கல்விச் செலவை மாநிலமே முழுமையாக ஏற்க வேண்டும் என்று 2012-இல் மெக்ளியரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்தையும் அதில் சேர்க்கச் சொல்லி வாகியாகம் என்ற சின்ன கிராமப்புற மாவட்டம் வழக்குப் போட்டது. 2023 செப்டம்பரில் அதே நீதிமன்றம், கட்டடம் அந்தக் கடமையில் சேராது என்று சொல்லிவிட்டது. மாநிலம் ஒரு பங்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் பொதுவாக உள்ளூர்ப் பணம் கையில் வந்த பிறகுதான் அது கிடைக்கும். ஆகவே லெவியே தேவையில்லை என்று வாதாடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏதோ ஒரு கட்டத்தில் நாம்தான் கொடுத்தாக வேண்டும். கொடுக்கிறவர்களுக்குக் கணக்கு வர வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

சரி, வரிக்கு வருவோம். லெவி பற்றி மாவட்டம் உங்கள் வீட்டுக்கு அனுப்பிய பளபளப்பான தாளில், 'வரி விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்' என்று ஒரு வாக்கியம் இருக்கலாம். அதை நிதானமாகப் படியுங்கள். உதாரணத்துக்கு, இந்த வருடத்தோடு முடியும் பழைய லெவி ஆயிரம் டாலர் வீட்டு மதிப்புக்கு 65 சென்ட், புதியது 70 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சென்ட்தான் கூடுகிறது, பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடம் 50 டாலர் என்பார்கள். ஆனால் பழைய லெவி தானாகவே முடிகிறது. புதியது நிறைவேறாவிட்டால் உங்கள் வரி 650 டாலர் குறையும். நிறைவேறினால் 700 டாலர் கட்டுவீர்கள். ஆக, நீங்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பது 50 டாலரை அல்ல, வருடத்துக்கு 700 டாலரை. ஆறு வருடத்துக்கு 4,200 டாலரை. அந்தத் தொகை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் 50 என்று நினைத்துக்கொண்டு 4,200-க்குச் சம்மதிப்பது சரியல்ல.

இன்னொன்று. வாக்குச்சீட்டில் உண்மையான வாக்குறுதி, ஒவ்வொரு வருடமும் மொத்தம் எத்தனை டாலர் வசூலிப்பார்கள் என்ற எண்தான். பக்கத்தில் இருக்கும் விகிதம் வெறும் மதிப்பீடு. ஊரில் வீட்டு மதிப்பு ஏறினால் விகிதம் குறையும், இறங்கினால் கூடும். மாவட்டத்துக்குப் போகும் தொகை மாறாது. அடுத்த முறை 'விகிதத்தைக் குறைத்துவிட்டோம்' என்று பெருமையாகச் சொன்னால், மொத்தத் தொகை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. தகுதி இருந்தால் இந்த மாதிரி கூடுதல் லெவிகளை அவர்கள் கட்ட வேண்டியதில்லை. அப்படி யாராவது உங்கள் தெருவில் இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரிவதே இல்லை.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். ஒரு ஆரம்பப் பள்ளிக்கு இவ்வளவு கோடி என்று போட்டிருப்பார்கள். அந்தத் தொகை கட்டுகிற காண்ட்ராக்டர் கைக்குப் போவது மட்டும் அல்ல. ஆர்க்கிடெக்ட் கட்டணம், மண் பரிசோதனை, நகராட்சி அனுமதி, திட்டத்தை மேற்பார்வையிடும் ஆலோசகர்கள், மேசை நாற்காலி, அப்புறம் ஏறக்குறைய பத்து விழுக்காடு விற்பனை வரி என்று வரிசையாக ஏறும். ஆமாம், இந்த மாநிலத்தில் பள்ளிக் கட்டடம் கட்டினாலும் விற்பனை வரி உண்டு. என் அனுபவத்தில் 100 டாலர் கட்டட காண்ட்ராக்டுக்கு மொத்தச் செலவு 135 முதல் 150 டாலர் வரை போகும். அதில் தவறொன்றும் இல்லை. நான் கவனிப்பது இரண்டு இடங்களைத்தான்.

முதலாவது, எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கும் தொகை. எந்த மதிப்பீட்டிலும் அது இருக்க வேண்டும், நானே போடுவேன். தரைக்கு அடியில் பழைய எண்ணெய்த் தொட்டி இருக்கும், சுவரைத் திறந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஆனால் வேலை முடிந்த பிறகு அந்தத் தொகையில் எவ்வளவு மிஞ்சியது, மிஞ்சியது எங்கே போனது என்று ஒரு பள்ளியும் விடாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் வாக்காளர் பார்க்காத ஒரு பையில் சேரும். இரண்டாவது, சேஞ்ச் ஆர்டர்கள். வேலை நடக்கும்போது மாற்றம் கேட்டால் காண்ட்ராக்டர் கூடுதல் விலை சொல்வார். அப்போது அவருக்குப் போட்டியாளர் யாரும் கிடையாது. வரைபடம் அரைகுறையாக இருக்கும்போதே வேலையைத் தொடங்கினால் இவை குவியும். ஒரு மாவட்டம் நன்றாக நிர்வகிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நான் முதலில் கேட்பது சேஞ்ச் ஆர்டர் பட்டியலைத்தான். எத்தனை, எவ்வளவு தொகைக்கு, யார் தவறால் என்று அதில் தெரிந்துவிடும். காண்ட்ராக்டர் தவறு, ஆர்க்கிடெக்ட் தவறு, நடுவில் மனம் மாறிய நிர்வாகத்தின் தவறு மூன்றும் வேறுவேறு. மூன்றுக்கும் பணம் நம்முடையது.

எங்கள் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். போன லெவிக்கு வந்த தாளில் இரண்டு ஆரம்பப் பள்ளிகளை இடித்துக் கட்டுவோம், இன்னும் சில பள்ளிகளில் கூரையும் ஹீட்டிங்கும் மாற்றுவோம் என்று இருந்தது. ஒரு பள்ளி வந்தது, அழகாகத்தான் இருக்கிறது. இரண்டாவது பள்ளிக்கு வரைபடம் மட்டும் போட்டார்கள். கூரைகளில் சில மாறின, சில மாறவில்லை. பணம் முழுவதும் வசூலாகிவிட்டது. இந்த லெவியின் பட்டியலில் அதே இரண்டாவது பள்ளி மறுபடியும் இருக்கிறது, பழையதை விடப் பெரிய தொகையோடு.

பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் போர்டின் கூட்டத்துக்குப் போய் இதைக் கேட்டேன். பேச ஒதுக்கிய நேரம் முடிந்தது, நன்றி சொன்னார்கள், பதில் இல்லை. பொதுமக்கள் கருத்து நேரத்தில் போர்டு பதில் சொல்லாது என்பது வழக்கமாம். அப்புறம் பொதுப் பதிவேடுச் சட்டத்தின்படி எழுதிக் கேட்டேன். ஐந்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம். வந்தது: 'ஆவணங்களைத் திரட்டுகிறோம், இன்ன தேதிக்குள் தருகிறோம்' என்று. கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு அட்டவணை. இரண்டு பள்ளிகளின் செலவையும் ஒரே வரியில் சேர்த்திருந்தார்கள். சேஞ்ச் ஆர்டர் பட்டியல் வரவே இல்லை. யாரோ திருடிவிட்டார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. விலைவாசி ஏறியது, ஆள் கிடைக்கவில்லை என்று நேர்மையான காரணங்கள் நிறைய இருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்டிருந்தால் நான் ஆதரித்திருப்பேன்.

கணக்கு கேட்பது வீண் சந்தேகம் இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சியாட்டில் இருக்கிறது. சிறு காண்ட்ராக்டர்கள் பள்ளி வேலைகளில் போட்டியிட உதவ வேண்டும் என்று சியாட்டில் பள்ளி மாவட்டம் ஒரு திட்டம் வைத்திருந்தது. நல்ல நோக்கம். அதற்கான பணம் கட்டட நிதியிலிருந்து வந்தது. 2011 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை வந்தபோது, ஏறக்குறைய 18 லட்சம் டாலர் கேள்விக்குரிய வழியில் போயிருந்தது தெரிந்தது. மாவட்டத்துக்கு எந்தப் பலனும் இல்லாத வேலைகளுக்கும் பணம் கொடுத்திருந்தார்கள். உள்ளுக்குள்ளே எச்சரிக்கை முன்பே எழுந்திருந்தும் யாரும் உரிய நேரத்தில் நிறுத்தவில்லை. அடுத்த மாதமே போர்டு, மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரையும் நிதிப் பொறுப்பாளரையும் பதவியிலிருந்து நீக்கியது. 2013 பிப்ரவரியில் அதே மாவட்டம் 69 கோடி டாலருக்கு மேல் கட்டட லெவி கேட்டது. வாக்காளர்கள் பெரிய வித்தியாசத்தில் நிறைவேற்றிக் கொடுத்தார்கள். மக்கள் பணம் தர மறுப்பவர்கள் இல்லை. பொறுப்பேற்றார்கள் என்று தெரிந்ததும் கொடுத்தார்கள்.

கலிபோர்னியாவில் 2000-ஆம் வருடம் நிறைவேறிய 39-ஆம் முன்மொழிவின்படி, 55 விழுக்காடு ஆதரவில் பள்ளிப் பாண்டு நிறைவேற்றினால் குடிமக்கள் கண்காணிப்புக் குழு கட்டாயம், வருடாந்தரத் தணிக்கையும் கட்டாயம். வாஷிங்டனில் லெவிக்கு அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. சியாட்டில் போன்ற சில மாவட்டங்கள் தாங்களாக ஒரு குழு வைத்திருக்கின்றன. குழு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம், பல வருடம் அடைக்க வேண்டிய கட்டடக் கடன் பணத்தை எடுத்து, மாணவர்கள் எல்லோருக்கும் ஐபேட் தரும் 100 கோடி டாலருக்கும் மேலான திட்டத்தைத் தொடங்கியது. அங்கே கண்காணிப்புக் குழு இருந்தது. இருந்தும் தொடங்கினார்கள், அடுத்த வருடமே கைவிட்டார்கள். சில வருடத்தில் பழசாகும் கருவிக்குக் கட்டடப் பணம். குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் கேட்டால் ஆவணம் கிடைக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் கண்காணிப்பு.

பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றியும் பேச வேண்டும். பிள்ளைகள் குறைந்ததால் பெல்வியூ மாவட்டம் 2023-இல் ஈஸ்ட்கேட், வில்பர்ட்டன் என்ற இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றியது. சியாட்டில் 2024-இல் 20 பள்ளிகள் வரை மூடலாம் என்று தொடங்கி, நான்காகக் குறைத்து, பெற்றோர் எதிர்ப்பால் நவம்பரில் அதையும் கைவிட்டது. அடுத்த பிப்ரவரியில் 180 கோடி டாலர் கட்டட லெவி நிறைவேறியது. பிள்ளைகள் குறைகிறார்கள் என்பதற்காகக் கட்டடத்தைப் பராமரிக்காமல் விட முடியாது. பழைய செங்கல் கட்டடத்தை நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி பலப்படுத்துவதைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் பழையதை விடப் பெரிய பள்ளி கட்டும்போது, அதை நிரப்பப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள், பக்கத்துப் பள்ளியை மூடப்போகிறீர்களா என்று இப்போதே சொல்ல வேண்டும். கட்டிய பிறகு சொன்னால், பக்கத்துப் பள்ளிப் பெற்றோருக்குப் பேச எதுவும் மிஞ்சாது. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

எதிர்ப்பதில் இருக்கும் ஆபத்தையும் மறைக்க மாட்டேன். தள்ளிப்போனால் கட்டுமான விலை ஏறும். மாநில உதவித்தொகையும் காத்திருக்க வேண்டும். லெவி தோற்றது என்பதற்காக ஒழுகும் கூரை காத்திருக்காது. ஆனால் ஒரு லெவி தோற்றால் அதே வருடத்தில் இன்னொரு முறை வாக்காளர்களிடம் வரலாம்; ஏப்ரலிலோ நவம்பரிலோ திரும்ப வரச் சட்டம் இடம் தருகிறது. சில மாதத் தாமதத்தை, அடுத்த ஆறு வருடம் கணக்கே தெரியாமல் பணம் கட்டுவதோடு ஒப்பிட்டுத்தான் நான் முடிவெடுத்தேன். உங்கள் மாவட்டம் வேறாக இருக்கலாம். போன லெவியில் வாக்குக் கொடுத்தது, செய்தது, செலவானது மூன்றையும் பள்ளிவாரியாக ஒரே பக்கத்தில் காட்டினால், கொஞ்சம் பிசகியிருந்தாலும் நான் 'சரி' என்றே போடச் சொல்வேன்.

அதனால் முடிவெடுக்கும் முன், பளபளப்பான தாளை ஓரமாக வைத்துவிட்டு போர்டு நிறைவேற்றிய தீர்மானத்தின் முழு வாசகத்தைப் படியுங்கள். பெரும்பாலும் கடைசிப் பகுதியில், சூழ்நிலை மாறினால் பணத்தை வேறு கட்டட வேலைகளுக்குத் திருப்ப போர்டுக்கு அதிகாரம் உண்டு என்று எழுதியிருக்கும். பட்டியலில் இருக்கும் பள்ளிகளின் பெயர் எவ்வளவு உறுதி என்பது அங்கேதான் தெரியும். மாநிலத் தணிக்கையாளர் தளத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பழைய தணிக்கை அறிக்கைகள் கிடைக்கும். பள்ளி ஊழியர்கள் வேலை நேரத்தில், பள்ளி வசதிகளைக் கொண்டு 'ஆதரவாகப் போடுங்கள்' என்று பிரசாரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. தகவல் மட்டும் தரலாம். அந்தக் கோட்டைத் தாண்டியதாகத் தெரிந்தால் மாநிலப் பொது வெளிப்பாட்டு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, நம்மவர்களுக்கு முக்கியமானது. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வரி கட்டினாலும் ஓட்டுப் போட முடியாது. தவறுதலாக வாக்குச்சீட்டு வந்தாலும் தொடாதீர்கள், பின்னால் குடியுரிமை கிடைப்பதற்கே ஆபத்தாகும். விசாவில் இருப்பவர்கள் பிரசாரத்துக்குப் பணமும் தரக் கூடாது. ஆனால் போர்டு கூட்டத்தில் பேசவும், பொதுப் பதிவேடு கேட்டு எழுதவும் குடியுரிமை தேவையில்லை. இன்றைக்கே எழுதிப் போடுங்கள்: போன லெவியில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒதுக்கியது, செலவானது, எதிர்பாராத செலவு நிதியில் மிஞ்சியது, சேஞ்ச் ஆர்டர் பட்டியல். தேர்தல் நாளுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிடும்; அதற்கு முன் பதில் கையில் கிடைக்க வேண்டுமானால் இப்போதே தாமதம்தான்.